ஊர்க் கணக்கிலிருந்து உலகக் கணக்குக்கு

சர்வதேச உறவுகள் என்ற படிப்பை இந்தியாவில் யார் தொடங்கிவைத்தார்கள் என்று கேட்டால் டெல்லி, நேரு, ஜே.என்.யூ. என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எனக்கு முதலில் மெட்ராஸ்தான் நினைவுக்கு வரும். அங்கே லயோலா கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு வாத்தியார், பிறகு டெல்லிக்குப் போய், இந்தத் துறைக்கென்றே நாட்டில் முதலில் அமைந்த ஆய்வுப் பள்ளிக்கு முதல் இயக்குநர் ஆனார். அங்காடிப்புரம் அப்பாதுரை. 1902-இல் பிறந்தவர். புத்தக அட்டைகளில் ஏ. அப்பாதுரை. பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையார் வேறு, இவர் வேறு. தமிழில் இந்தப் பெயரைச் சொன்னால் புலவர்தான் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறார், அது நியாயம்தான். ஆனால் இந்த அப்பாதுரையைப் பற்றியும் தமிழில் நாலு பக்கம் இருக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஓர் ஆசை.

பி.ஏ. படிக்கிற காலத்தில் பெங்களூரு அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் 'தி சப்ஸ்டன்ஸ் ஆஃப் பாலிடிக்ஸ்' வாங்கினேன். அப்போதுதான் அவர் பெயர் எனக்குத் தெரியவந்தது. 1942-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட பாடப்புத்தகம் அது. அரசு என்றால் என்ன, இறையாண்மை என்றால் என்ன, சட்டம் எங்கிருந்து வருகிறது, சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் என்ன உறவு என்று முதல் பாதி. ஒவ்வொரு நாட்டிலும் ஆட்சி எப்படி நடக்கிறது என்று இரண்டாம் பாதி. தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிப் பிள்ளைகளும் ஐ.ஏ.எஸ். எழுதப் போகிறவர்களும் அதைப் படித்திருக்கிறார்கள். ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு வந்த மறுப்பைச் சொல்லி, பிறகு தன் முடிவை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வகுப்பறையில் எதிரே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு எது புரியாது என்பது தெரிந்த எழுத்து. வருஷக்கணக்கில் பாடம் நடத்தியவருக்குத்தான் அப்படி எழுத வரும்.

அதற்கும் முன்னால் அவர் எழுதிய ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் நான் இங்கே நிறையப் பேச வேண்டும்.

1936-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் அவருடைய ஆய்வை இரண்டு பாகங்களாக வெளியிட்டது. கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியாவின் பொருளாதார நிலைமை என்பது பொருள். பிற்காலத்தில் ஆசியா, ஐ.நா., அணிசேராமை என்றெல்லாம் எழுதப்போகிற ஒருவர், தன் ஆய்வு வாழ்க்கையைக் கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் தொடங்கியிருக்கிறார். நிலம் யார் கையில் இருந்தது, ஏரிக்கு மராமத்துச் செலவை யார் கொடுத்தார்கள், வரி எப்படி வாங்கினார்கள், கோயில் பண்டாரத்திலிருந்து கடன் எப்படிப் போனது, வணிகக் குழுக்கள் எப்படி இயங்கின, கடல் கடந்து என்ன சரக்குப் போனது, என்ன வந்தது. இதெல்லாம்தான் அந்தப் புத்தகம்.

இந்த ஆளுக்கும் வெளியுறவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால் அந்த ஐந்நூறு வருஷத்தை எண்ணிப் பாருங்கள். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர்களின் தூதுக்குழுக்கள் சீனத்துச் சோங் அரசவைக்குப் போயிருக்கின்றன. 1025-இல் ராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்துக்குப் போனது. 1088-இல் சுமத்ராவின் பாருஸ் பக்கத்தில், லோபு துவா என்ற இடத்தில், ஐந்நூற்றுவர் என்ற வணிகர்கள் தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். 1281-இல் சீனத்துக் குவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோயில் கட்டிய செய்தியைத் தமிழில் பொறித்திருக்கிறார்கள். ராஜா தூது அனுப்பினார், சரி. ராஜா இல்லாமலேயே ஒரு வணிகக் குழு வேற்று நாட்டில் தனக்கென்று இடம் பிடித்து, வரி கட்டி, கோயில் எழுப்பி, கணக்கு எழுதிவைத்ததே, அதற்கு என்ன பெயர்? அரசுகளுக்கு இடையில் நடப்பதைப் போலவே மனிதர்களுக்கும் குழுக்களுக்கும் இடையில் நடப்பதும் சர்வதேச உறவுதான் என்று மேல்நாட்டுப் பேராசிரியர்கள் 1970-களில்தான் பெரிய அளவில் பேசத் தொடங்கினார்கள். அப்பாதுரை அந்த வணிகக் குழுக்களின் கணக்கைப் படித்துவிட்டுத்தான் இந்தத் துறைக்குள் வந்தார்.

இதைச் சொல்ல நான் தஞ்சாவூர் வரை போக வேண்டியதில்லை. பெங்களூருவில் எங்கள் நீலசந்திராவில் ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் டொம்லூர். அங்கே சொக்கநாதசாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஹொய்சாள ராமநாதனின் காலம், 13-ஆம் நூற்றாண்டு. தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அந்த ஊருக்குப் பெயர் சொல்கின்றன. தேசி என்பது ஊர் ஊராகச் சரக்கு கொண்டுபோகிற வணிகர்களைக் குறிக்க அக்காலக் கல்வெட்டுகளில் வரும் சொல். இன்றைக்கு ஐ.டி. பஸ்கள் வரிசையாக நிற்கிற இடத்துக்கு எழுநூறு வருஷம் முன்னால் அப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது. கோயிலுக்குப் போனால் கட்டாயம் அந்தக் கல்லைப் பாருங்கள்.

மெட்ராஸ் உள்ளிட்ட மாகாணங்களில் நடந்த இரட்டையாட்சியைப் பற்றி அப்பாதுரை 1937-இல் ஒரு புத்தகம் எழுதினார். 1919 சட்டத்தின்படி கல்வி, சுகாதாரம் போன்றவை இந்திய மந்திரிகள் கையிலும், போலீஸ், வருவாய், நிதி போன்றவை கவர்னரின் சபையிலும் இருந்த ஏற்பாடு அது. நீதிக்கட்சி மந்திரிசபை நடந்தது அதன்கீழ்தான். ஜனநாயகத்தைப் பற்றி இரண்டு சிறு நூல்களும் எழுதியிருக்கிறார். இவற்றை இங்கே விரிக்கப்போவதில்லை.

1943-இல் டெல்லியில் இந்திய உலக விவகார மன்றம் என்ற அமைப்பு உருவானது. தேஜ் பகதூர் சப்ரு, ஹிருதயநாத் குன்ஸ்ரு போன்றவர்கள் ஆரம்பித்தது. அதற்கு முன்பே உலக விவகாரங்களுக்கென்று ஓர் அமைப்பு இருந்தது, ஆனால் அது வெள்ளைக்கார சர்க்காரின் நிழலில் இருந்தது. சொந்தமாக வெளியுறவு என்று ஒன்றே இல்லாத நாட்டில், சர்க்காரைச் சாராமல் உலகத்தைப் பற்றி யோசிக்க ஓர் இடம் வேண்டும் என்று இவர்கள் நினைத்தார்கள். அதன் செயலாளராக அப்பாதுரை டெல்லிக்குப் போனார். 1945-இல் மன்றத்தின் ஆய்விதழ், 'இந்தியா குவார்ட்டர்லி', வெளிவரத் தொடங்கியது. அதை நடத்தியதும் அவர்தான்.

பிறகு 1947 மார்ச். புராணா கிலாவில் ஆசிய உறவுகள் மாநாடு. மார்ச் 23-இல் தொடங்கி ஏப்ரல் 2 வரை. நாட்டுக்கு இன்னும் சுதந்திரம் வரவில்லை, பஞ்சாபில் கலவரம் நடக்கிறது, மவுண்ட்பேட்டன் அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார். அந்த நேரத்தில் இந்தோனேசியா, வியட்நாம், பர்மா, இலங்கை, சீனா, திபெத், எகிப்து, சோவியத் ஒன்றியத்தின் ஆசியக் குடியரசுகள் என்று பிரதிநிதிகள் வந்து உட்கார்ந்தார்கள். தலைமை சரோஜினி நாயுடு. நேரு தொடங்கிவைத்தார். காந்தி வந்து பேசினார். கூட்டியது சர்க்கார் இல்லை, உலக விவகார மன்றம். அதாவது செயலாளராக இருந்த நம் ஆளின் மேசைக்குத்தான் எல்லாக் கடிதமும் வந்திருக்கும். திபெத்துக்குத் தனிப் பிரதிநிதிகள் வந்தது சீனர்களுக்குப் பிடிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து நிற்கும் எங்களுக்கு வெறும் அனுதாபம் போதாது, உதவி வேண்டும் என்று வியட்நாம்காரர்கள் கேட்டார்கள். மேடைப் பேச்சில் ஆசிய ஒற்றுமை, உள்ளே அவரவர் கவலை. பிற்காலத்தில் 1979-இல் அந்த மாநாட்டைத் திரும்பிப் பார்த்து அவரே ஒரு கட்டுரை எழுதினார்.

ஒரு பேராசிரியரின் வாழ்க்கையில் இப்படி ஒரு இடைவெளி எவ்வளவு முக்கியம் என்று யோசிக்கிறேன். வகுப்பறையை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் நிர்வாகம், மாநாடு, இதழ் என்று போய்விட்டால், இப்போதைய பல்கலைக்கழகக் கணக்கில் 'அனுபவம் குறைவு' என்று ஓரம் கட்டிவிடுவார்கள். அவருக்கோ அதுதான் இரண்டாவது பட்டப்படிப்பு மாதிரி அமைந்தது. தூதர்கள் எதைப் பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மறுபடி பாடம் நடத்த வந்தார்.

வந்தது 1955-இல். அந்த வருஷம் ஏப்ரலில் ஆசிய – ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாடு, 29 நாடுகள் கூடின. அதைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அதே வருஷம் அக்டோபரில் இந்திய சர்வதேச ஆய்வுகள் பள்ளி உலக விவகார மன்றத்தின் கட்டடமான சப்ரு ஹவுஸில் தொடங்கியது. முதல் இயக்குநர் அப்பாதுரை. முதலில் டெல்லிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது, 1961-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. 1964 வரை அவர் அங்கே இருந்தார். எம்.எஸ். ராஜன் அடுத்து வந்தார். 1970-இல் ஜே.என்.யூ.வோடு சேர்ந்து அதன் சர்வதேச ஆய்வுகள் பள்ளியாக மாறியது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் முனைவர் பட்டம் வாங்கியது ஜே.என்.யூ.வில், சர்வதேச உறவுகளில்தான்.

அந்தப் பள்ளியை அமைத்த விதம்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. அது முனைவர் பட்ட ஆய்வுக்கென்றே வந்த பள்ளி. ரஷ்யாவைப் பற்றி எழுத வேண்டுமா, ரஷ்ய மொழி படி. மேற்காசியாவா, அரபி படி. சீனாவா, சீன மொழி. லண்டனிலும் நியூயார்க்கிலும் யாரோ எழுதியதை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டைப் பற்றி எழுதாதே, அந்த நாட்டுப் பத்திரிகையை அந்த நாட்டு மொழியில் படித்துவிட்டு எழுது என்கிற பிடிவாதம். கூடவே ஒரு நல்ல நூலகம், வருஷக்கணக்காக வெட்டி ஒட்டிய பத்திரிகைச் செய்திகள். சப்ரு ஹவுஸின் அந்தப் பத்திரிகைக் கத்தரிப்புகளைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் வந்துகொண்டிருந்தார்கள். 1959-இல் பள்ளிக்கென்று 'இன்டர்நேஷனல் ஸ்டடீஸ்' என்ற ஆய்விதழும் வந்தது. மூலத்தைப் படிக்காமல் பேசாதே என்பது கல்வெட்டு படித்தவரின் புத்தி. அதை அவர் வெளியுறவுப் படிப்புக்குள் கொண்டுவந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு வருத்தமும் எனக்கு உண்டு. எல்லாம் டெல்லியில் போய் முடிந்தது. வெளியுறவு அமைச்சகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தகவல் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அமைச்சகத்தின் கண்ணாலேயே உலகத்தைப் பார்க்கிற பழக்கமும் சேர்ந்து வந்துவிடும். நேரு காலத்து வெளியுறவுக் கொள்கையைக் கடுமையாகக் கேள்வி கேட்ட ஆய்வுகள் அங்கிருந்து இன்னும் நிறைய வந்திருக்க வேண்டும். டெல்லிப் பார்வைக்கு இரண்டு உதாரணம். 1964-இல் இலங்கையோடு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றும் 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்றும் பேசி முடித்தார்கள். மீதி 1,50,000 பேர் கதை பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 1974-இல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது. ராமேஸ்வரம் மீனவர்களை யாரும் கேட்கவில்லை. டெல்லியிலிருந்து பார்த்தால் இவை அண்டை நாட்டோடு சுமூகமாக முடிந்த இரண்டு கோப்புகள். இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் வந்து இறங்கிய மண்டபம் முகாமிலிருந்தும் பாம்பன் கரையிலிருந்தும் பார்த்தால் வேறு.

அப்பாதுரைக்கு இது தெரியாமல் இல்லை. இயக்குநர் பதவியை விட்ட பிறகு, எழுபது வயதுக்கு மேல் அவர் செய்த வேலைகளைப் பாருங்கள். நவீன இந்திய அரசியல் சிந்தனை பற்றிய ஆவணங்கள் இரண்டு பாகம். 1947 முதல் 1972 வரையிலான வெளியுறவு ஆவணங்கள் இரண்டு பாகம். ராஜனோடு சேர்ந்து இந்திய வெளியுறவு பற்றி ஒரு பெரிய நூல். நடுவில் 1981-இல் வந்ததுதான், இந்தியாவின் வெளியுறவுக் கொள்கைக்கு உள்நாட்டில் வேர் எங்கே என்று தேடுகிற புத்தகம். 1982-இல் பத்ம பூஷண் கொடுத்தார்கள். ஊர் ஏரிக் கணக்கில் தொடங்கியவர், ஆசிய மாநாடு, பாண்டுங், அணிசேராமை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் இந்த நாட்டின் வெளியுறவு இங்கே உள்ள மக்களிடமிருந்து, கட்சிகளிடமிருந்து, பொருளாதாரத்திலிருந்து எப்படி முளைக்கிறது என்று கேட்டிருக்கிறார். அவருடைய வேலைகளிலேயே இன்னும் யாரும் எடுத்து முழுதாகத் தொடராதது இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து.

நீலசந்திராவில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு நெருக்கம் என்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியாவில் தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே சந்தில் கேட்கும். பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அல்லது இருந்துவிட்டு வந்திருக்கிறார். 1990-இல் சதாம் குவைத்துக்குள் நுழைந்தபோது சுமார் 1,70,000 இந்தியர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் அதை இப்போதும் பேசுவார்கள். அடுத்த வருஷமே காவிரி இடைக்காலத் தீர்ப்பு, 1991 டிசம்பரில் இந்த நகரத்துத் தமிழர்கள்மேல் கலவரம். காவிரி உள்நாட்டு விவகாரம்தான். ஆனால் அதன் அடியில் கிடக்கிற 1892, 1924 ஒப்பந்தங்களைப் படித்தால், மைசூர் சமஸ்தானமும் மெட்ராஸ் சர்க்காரும் இரண்டு நாடுகள் மாதிரி உட்கார்ந்து எழுதியவை. பெங்களூருவுமே 1947 வரை அப்படித்தான் இருந்தது. பேட்டைப் பக்கம் மைசூர் மகாராஜா, கண்டோன்மென்ட் பக்கம் வெள்ளைக்காரன். எங்கள் தாத்தா பாட்டிகள் வேலைக்காக ஒரு ஆட்சியிலிருந்து இன்னொரு ஆட்சிக்கு நடந்து போய் வந்தவர்கள்.

இங்கே சாயங்காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் என்னிடம் பொலிட்டிகல் சயின்ஸ் படிக்க வருவார்கள். அதில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பெண். அவள் அப்பா சவுதியில் ஹவுஸ் டிரைவர். ஒருநாள் வெளியுறவுக் கொள்கைப் பாடத்தில், வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்காக 2014 ஜனவரியில் இந்தியாவும் சவுதியும் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: "ரெண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டாங்க, சரிக்கா. எங்கப்பா மாதிரி ஆளுங்களை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"இதையே கேட்டு ஒரு பி.எச்டி பண்ணலாம் தெரியுமா?" என்றேன்.

"நெஜமாவாக்கா? இதெல்லாம் படிப்புல வருமா?"

வரும். வர வேண்டும். 1983 குடிபெயர்வுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பத்தாவது தேறாதவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் சர்க்காரிடம் அனுமதி வாங்க வேண்டும், பாஸ்போர்ட்டிலேயே அந்த அடையாளம் இருக்கும். அப்படிப்பட்ட பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்ணுக்கு 30 வயது ஆகாமல் வீட்டு வேலைக்குப் போக அனுமதி இல்லை. பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்கிறார்கள். அனுமதி கிடைக்காத பெண்கள் ஏஜென்ட் மூலம் விசிட் விசாவில் போய் இன்னும் பெரிய ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று முடிவு செய்யச் சவுதிச் சட்டமும் தெரிய வேண்டும், இந்தியச் சட்டமும் தெரிய வேண்டும், எங்கள் தெருவும் தெரிய வேண்டும். மூன்றாவது அவளுக்கு இப்போதே தெரியும். டெல்லியில் வளர்ந்த ஒருவருக்கு அதற்கே இரண்டு வருஷம் களப்பணி தேவைப்படும்.

ஆனால் நம் பாடத்திட்டங்கள் எங்கே ஆரம்பிக்கின்றன? அமெரிக்கப் பேராசிரியர் மார்கெந்தாவில். அல்லது முதல் உலகப் போருக்குப் பிறகு 1919-இல் வேல்ஸில் ஆபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கு முதல் பேராசிரியர் பதவி ஏற்பட்ட கதையில். படிக்கட்டும், கட்டாயம் படிக்க வேண்டும். போரில் செத்துப்போன மாணவர்களின் நினைவாக, இனி இப்படி நடக்கக் கூடாது என்று உருவான பதவி அது. அவர்களுடைய துக்கத்திலிருந்து அவர்கள் ஒரு துறையை உண்டாக்கினார்கள். அப்பாதுரை வேறொரு வழியில் வந்து சேர்ந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தினால் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும். அப்பாதுரையைப் பாடப்புத்தகம் எழுதியவராக மட்டும் தெரிந்துவைத்திருக்கிற பேராசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த 1936 புத்தகத்தைச் சொன்னால், அது ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் ஆச்சே என்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சொன்னதையே, இந்த வழியில் போக நினைக்கிற மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதிவைக்கிறேன். எம்.ஏ.வுக்கு ஜே.என்.யூ. உண்டு, அதற்கு சி.யூ.இ.டி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் சர்வதேச ஆய்வுகள் துறை இருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பக்கம், செலவும் குறைவு. இங்கேயே ஹோசூர் ரோட்டில் கிரைஸ்ட் இருக்கிறது, ஆனால் ஃபீஸ் கட்டி மாளாது. எம்.ஏ.வில் 55 சதவீதம் வாங்கி நெட் தகுதித்தேர்வு எழுத வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 50 போதும். வருஷத்துக்கு இரண்டு முறை வரும். நல்ல மதிப்பெண் வந்தால் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்கும், 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். வீட்டுக்குப் பாரமாக இல்லாமல் ஆராய்ச்சி பண்ணலாம் என்பதால் இந்தத் தொகையை நான் எல்லா அம்மாக்களிடமும் சத்தமாகச் சொல்வேன். ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருஷம் தளர்வு. ஆகவே கல்யாணம் பண்ணிவிட்டால் படிப்பு முடிந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். பெங்களூருவிலேயே ஐ.ஐ.எஸ்சி. வளாகத்துக்குள் தேசிய உயராய்வு நிறுவனம் இருக்கிறது. ஜே.ஆர்.டி. டாடாவின் முயற்சியில் 1988-இல் வந்தது, ராஜா ராமண்ணா முதல் இயக்குநர். அங்கே சர்வதேசப் பாதுகாப்பு பற்றி ஆய்வு நடக்கிறது, பொதுக் கருத்தரங்குகள் வைப்பார்கள், போய் உட்கார்ந்து கேட்கலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சப்ரு ஹவுஸ் வழக்கப்படி கடைசியாக ஒன்று சொன்னேன்: அப்பா வேலை பார்க்கிற நாட்டைப் பற்றி எழுதுவதானால் அரபி படித்தாக வேண்டும், இப்போதே ஆரம்பி. அவள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கும் தோழி சின்ன வயதிலிருந்தே அரபி ஓதுகிறவள். எழுத்துகளை அவளிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள், இலக்கணத்துக்கு ஒரு ஆசிரியர் தேடிக்கொண்டிருக்கிறோம்.